ஆர்எஸ்எஸ் ஓடை: தொடங்குவது முதல் களையெடுப்பது வரை

காலையில் எழுந்ததும் பன்னிரண்டு தளங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, புதிதாக ஏதாவது போட்டிருக்கிறார்களா என்று பார்க்கும் பழக்கம் எனக்கு நெடுநாள் இருந்தது. பத்துத் தளங்களில் ஒன்றும் இருக்காது. மீதி இரண்டிலும், தேடிப் போனது கண்ணில் படும் முன்பே வேறெதையோ படித்து அரை மணி நேரத்தைத் தொலைத்திருப்பேன். சரி, சமூக வலைத்தளத்தில் பின்தொடர்ந்தால் அலைச்சல் மிச்சம் என்று அங்கே போனேன். நான் பின்தொடர்ந்தவர் எழுதியது மூன்று நாள் கழித்துக் கண்ணில் பட்டது. நான் கேட்கவே கேட்காத இருவரின் சண்டை முதலில் வந்து நின்றது.

இந்தத் தொல்லைக்கு 1999-லேயே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். தளங்களில் புதிதாக வருவதை ஒரே இடத்தில் படிக்க உதவும் அந்த இணைய முறைதான் ஆர்எஸ்எஸ் (RSS). இன்றும் நன்றாக வேலை செய்கிறது, காசும் கேட்பதில்லை. ஆனால் பலர் உற்சாகமாகத் தொடங்கி, இரண்டே மாதத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். காரணம் எளியது. எதைப் படிப்பது என்று சலிக்கும் சல்லடை இப்போது உங்கள் கைக்கு வருகிறது. சலிக்கும் வேலையும் கூடவே வருகிறது. இதன் நன்மை தீமை இரண்டுமே அந்த ஒரே இடத்தில்தான் முளைக்கின்றன.

ஓடை என்பது என்ன

ஒரு தளம் தன் புதிய பதிவுகளை ஒரு சிறு கோப்பில் பட்டியலிட்டு, பொதுவில் எவரும் எடுத்துக்கொள்ளும்படி வைக்கிறது. தலைப்பு, சுட்டி, வெளியான தேதி, சுருக்கம் அல்லது முழுக் கட்டுரை, அப்புறம் ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் அடையாள எண்: பெரும்பாலும் இவ்வளவுதான் அதில் இருக்கும். எக்ஸ்எம்எல் என்ற வடிவத்தில் எழுதப்பட்ட இந்தக் கோப்பைத்தான் செய்தியோடை, சுருக்கமாக ஓடை, என்கிறோம். பல ஓடைகளை ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டும் செயலிக்கு ரீடர் என்று பெயர். திரட்டி என்று சொல்பவர்களும் உண்டு.

முக்கியமான விஷயம், ஓடை தானாக உங்களிடம் வருவதில்லை. உங்கள் ரீடர்தான் குறிப்பிட்ட இடைவெளியில் போய், "போன முறைக்குப் பிறகு ஏதாவது மாறியதா?" என்று தளத்திடம் கேட்கிறது. மாறவில்லை என்றால் 304 என்ற ஒரு குறியீட்டோடு பேச்சு முடிந்துவிடும். மாறியிருந்தால் கோப்பு முழுவதும் வரும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், பின்னால் நான் சொல்லப்போகும் பாதிக் குறைகளுக்குக் காரணம் தானே விளங்கிவிடும்.

வரலாறு கொஞ்சம் குழப்பமானது. 1999 மார்ச்சில், உலாவி தயாரித்த நெட்ஸ்கேப் நிறுவனம் தன் முகப்புப் பக்கத்துக்காக இதன் முதல் வடிவத்தை வெளியிட்டது. அதில் ராமநாதன் குஹாவுக்கும் டேன் லிபிக்கும் பெரும் பங்கு உண்டு. பிறகு மென்பொருளாளர் டேவ் வைனர் ஒரு கிளையை வளர்த்தார், இன்னொரு குழு வேறொரு கிளையை வளர்த்தது. 2002-ல் ஆர்எஸ்எஸ் 2.0 வந்தது. இந்தச் சண்டையில் சலித்துப்போனவர்கள் ஆட்டம் (Atom) என்று மூன்றாவதாக ஒன்றை உருவாக்க, அது 2005-ல் அதிகாரபூர்வத் தர நிர்ணயமாக ஆனது. வாசகருக்கு இதெல்லாம் தேவையே இல்லை. ஏறக்குறைய எல்லா ரீடர்களும் எல்லா வடிவங்களையும் படிக்கும்.

முதலில், உங்களுக்கு இது வேண்டுமா

நாள் முழுக்க நூறு செய்தி போடும் தளத்தை மட்டும் பார்ப்பவர் என்றால் வேண்டாம். அந்தத் தளத்தின் முகப்புப் பக்கமே உங்களுக்குப் போதும். அங்கே எது முக்கியம் என்று ஓர் ஆசிரியர் குழு பொறுக்கி வைத்திருக்கிறது. ஓடையில் அந்தப் பொறுக்கல் இருக்காது. பூகம்பமும் நடிகர் திருமணமும் ஒரே அளவு எழுத்தில் அடுத்தடுத்து வரும்.

ஓடையின் அருமை தெரிவது எப்போதாவது எழுதுபவர்களிடம்தான். மூன்று மாதத்துக்கு ஒரு கட்டுரை எழுதும் ஆய்வாளர், ஆண்டுக்கு நான்கு இதழ் போடும் ஆய்விதழ், திடீரென்று புதிய பதிப்பு வெளியிடும் மென்பொருள், நீங்கள் கவனித்துக்கொண்டிருக்கும் ஒரு விக்கிப்பீடியா கட்டுரையின் திருத்தங்கள். இவற்றையெல்லாம் நாள்தோறும் போய்ப் பார்க்க எவருக்கும் பொறுமை இல்லை. ஓடையில் சேர்த்துவிட்டு மறந்துவிடலாம். புதிதாக ஒன்று வந்த அன்று அதுவே தலைகாட்டும்.

இன்னொரு நன்மையை அதிகம் பேர் சொல்வதில்லை. மின்னஞ்சல் கடிதங்களுக்குச் சேர்ந்தால் உங்கள் முகவரி அவர்கள் கையில் போய்விடுகிறது. விலகுவதற்கு அவர்கள் கதவைத் தட்ட வேண்டும். ஓடையில் நீங்கள் எதையும் கொடுப்பதில்லை. பட்டியலிலிருந்து நீக்கினால் அந்த நொடியோடு உறவு முடிந்தது.

பாட்காஸ்ட் கேட்பவர் என்றால், நீங்கள் ஏற்கெனவே ஆர்எஸ்எஸ் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ஓடையில் ஒலிக்கோப்பின் முகவரியை இணைத்து அனுப்பும் வசதிதான் பாட்காஸ்ட்டுக்கு அடித்தளம். ஒரே நிகழ்ச்சியை எந்தச் செயலியிலும் கேட்க முடிவது அதனால்தான்.

படி 1: ரீடரைத் தேர்ந்தெடுங்கள்

இரண்டு வகை உண்டு. முதல் வகை, மேகச் சேவை: ஃபீட்லி, இனோரீடர், நியூஸ்பிளர் போன்றவை. கணக்குத் தொடங்கினால் போதும்; ஓடைகளைப் போய்ப் பார்க்கும் வேலையை அவர்களின் சர்வரே செய்யும். போனில் படித்தது கணினியிலும் படித்ததாகக் காட்டும். இலவசத் திட்டத்தில் எண்ணிக்கை வரம்பு இருக்கும், அதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வகை, உங்கள் கருவியிலேயே இயங்குபவை. ஆப்பிள் கருவிகளுக்கு நெட்நியூஸ்வயர், ஆண்ட்ராய்டுக்கு ஃபீடர், கணினியில் மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்ட் வைத்திருந்தால் அதற்குள்ளேயே ஓடை வசதி இருக்கிறது. கணக்கு வேண்டாம், உங்கள் படிப்புப் பட்டியல் எந்தச் சேவை நிறுவனத்தின் கைக்கும் போகாது.

இந்த இரண்டாம் வகையில் ஒரு கண்ணி இருக்கிறது. ஓடைக் கோப்பில் எல்லாப் பதிவுகளும் இருக்காது, கடைசியாக வந்த சில மட்டுமே இருக்கும். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இயங்கும் தளம் என்றால் இயல்பாக 10, யூடியூப் சேனல் என்றால் 15. ஒரு செய்தித் தளம் ஒரே நாளில் ஐம்பது போடுகிறது, நீங்கள் மூன்று நாள் கணினியைத் திறக்கவில்லை என்றால், நடுவில் வந்தவை உங்கள் ரீடருக்குத் தெரியாமலேயே போய்விடும். மேகச் சேவை தூங்குவதில்லை என்பதால் அங்கே இந்த இழப்பு மிகக் குறைவு. ஆகவே, அடிக்கடி எழுதும் தளங்கள் நிறைய என்றால் மேகச் சேவை, எப்போதாவது எழுதுபவர்கள்தான் அதிகம் என்றால் கருவியில் இயங்கும் ரீடர். சொந்தமாகச் சர்வர் வைத்திருப்பவர்கள் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் அல்லது மினிஃப்ளக்ஸை நிறுவி இரண்டு வசதியையும் பெறலாம். சர்வர் என்ற சொல்லே அயர்ச்சி தந்தால் இந்த வரியை விட்டுவிடுங்கள்.

முடிவெடுக்க ரொம்ப யோசிக்க வேண்டாம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது சில நிமிட வேலை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

படி 2: ஓடையின் முகவரியைக் கண்டுபிடியுங்கள்

பலர் திரும்பிப் போவது இந்த இடத்தில்தான். முன்பெல்லாம் உலாவியின் முகவரிப் பட்டையிலேயே ஆரஞ்சு நிறச் சின்னம் ஒளிரும். அந்தச் சின்னம் மறைந்தது; ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் 2018 டிசம்பரில் வந்த 64-ம் பதிப்பில், மிச்சமிருந்த ஓடை வசதியை எடுத்துவிட்டது. ஓடைகள் அப்படியே இருக்கின்றன, கைகாட்டிப் பலகை மட்டும்தான் போய்விட்டது. கீழே உள்ளவற்றை இதே வரிசையில் முயன்று பாருங்கள்.

முதலில், தளத்தின் சாதாரண முகவரியை நகலெடுத்து ரீடரின் "சேர்" பெட்டியில் ஒட்டுங்கள். பெரும்பாலான தளங்கள் தங்கள் பக்கத்தின் தலைப்பகுதிக்குள், கண்ணுக்குத் தெரியாதபடி, ஓடை முகவரியை எழுதி வைத்திருக்கின்றன. ரீடர் அதைத் தானே படித்துக்கொள்ளும். என் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட தளங்களுக்கு இந்த ஒரு படியே போதுமானதாக இருந்தது.

அது நடக்கவில்லை என்றால், பக்கத்தின் அடிப்பகுதிக்குப் போய் ஆரஞ்சுச் சின்னத்தையோ ஆர்எஸ்எஸ் என்ற சொல்லையோ தேடுங்கள். பெரிய செய்தித் தளங்கள் பிரிவு வாரியாகத் தனித்தனி ஓடைகள் வைத்திருப்பது வழக்கம். மொத்த ஓடையை எடுக்காமல் அறிவியலோ விளையாட்டோ உங்களுக்கு வேண்டிய பிரிவை மட்டும் எடுங்கள். பிற்பாடு எனக்கு நன்றி சொல்வீர்கள்.

அதுவும் இல்லையா? அப்புறம் ஊகிக்க வேண்டியதுதான், அதற்கும் முறை உண்டு. வேர்ட்பிரஸ் தளம் என்றால் முகவரியின் முடிவில் ஒரு சாய்கோடு போட்டு, ஆங்கில எழுத்துகளில் ஃபீட் (feed) என்று சேர்த்தால் ஓடை கிடைக்கும். ஒரு குறிச்சொல் பக்கத்தின் முகவரியோடு இப்படிச் சேர்த்தால் அந்தத் தலைப்புக்கு மட்டுமான ஓடை வரும். நிறைய எழுதும் ஒருவரிடமிருந்து உங்களுக்கு வேண்டியதை மட்டும் பிரித்தெடுக்க இது நல்ல தந்திரம். மின்னஞ்சல் கடிதங்கள் எழுதுபவர்கள் பயன்படுத்தும் சப்ஸ்டாக்கிலும் இதே ஃபீட்தான். மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தில் ஒரு பயனரின் பக்க முகவரிக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து ஆர்எஸ்எஸ் என்று சேர்க்கலாம். மென்பொருள் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில், வெளியீடுகள் பக்கத்தின் முகவரிக்குப் பின்னால் புள்ளி வைத்து ஆட்டம் என்று சேர்க்க வேண்டும். யூடியூப் சேனலின் முகவரியைப் பல ரீடர்கள் அப்படியே ஏற்றுக்கொள்ளும். விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையின் வரலாறு பக்கத்தைத் திறந்தால் கருவிகள் பட்டியலில் ஆட்டம் சுட்டி இருக்கும்.

கடைசி முயற்சியாக, பக்கம் எழுதப்பட்டிருக்கும் மூல நிரலை (உலாவியில் View Source) திறந்து ஆங்கில எழுத்துகளில் ஆர்எஸ்எஸ் என்றும் ஆட்டம் என்றும் தேடுங்கள். பக்கத்தில் எங்கேயும் காட்டாத ஓடை சில சமயம் உள்ளே பதுங்கியிருக்கும்.

எங்கேயும் இல்லை என்றால், ஓடையே இல்லாத பக்கத்தை ஓடையாக மாற்றித் தரும் கருவிகள் உள்ளன. ஆர்எஸ்எஸ்-பிரிட்ஜ் அப்படியொரு இலவசத் திறமூல மென்பொருள். ஆனால் இவை பக்கத்தின் அமைப்பைப் பார்த்துத் தகவலைப் பிய்த்தெடுப்பவை. தளம் தன் வடிவமைப்பை மாற்றிய மறுநாளே உடைந்துபோகும். ஒன்றிரண்டுக்கு வைத்துக்கொள்ளலாம், இதையே நம்பியிருக்க வேண்டாம்.

படி 3: கஞ்சத்தனமாகச் சேருங்கள்

நான் செய்த பெரிய தப்பு இங்கேதான். முகவரி கண்டுபிடிக்கும் வித்தை கைவந்ததும் கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்தேன். ஒரு மாதத்தில் முந்நூறு ஓடைகள். ரீடரைத் திறந்தால் "படிக்காதவை 1000+" என்று ஓர் எண். கடன்காரன் வாசலில் நிற்பதுபோல் அந்த எண் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ரீடரைத் திறப்பதையே நிறுத்திவிட்டேன். அலைச்சலைக் குறைக்க வந்த கருவி, புதிதாக ஒரு குற்ற உணர்வைக் கொடுத்துவிட்டுப் போனது.

இரண்டாம் முறை தொடங்கியபோது பதினைந்தோடு நிறுத்தினேன். அந்த எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. முதல் இரண்டு வாரத்துக்கு, எந்தத் தளத்தில் பதிவைத் தவறவிட்டால் உண்மையிலேயே வருத்தப்படுவீர்களோ அதை மட்டும் சேருங்கள். "இருந்தால் நல்லது" என்பவை காத்திருக்கட்டும். பிறகு வாரத்துக்கு ஒன்றிரண்டாகக் கூட்டலாம்.

படி 4: பிரித்து வையுங்கள்

வழக்கமாக எல்லோரும் தொழில்நுட்பம், அரசியல், சமையல் என்று தலைப்பு வாரியாகக் கோப்புறை போடுவார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. நாளுக்கு நாற்பது பதிவு போடும் தளமும் மாதம் ஒன்று எழுதும் தளமும் ஒரே தலைப்பில் இருந்தால், நாற்பதின் இரைச்சலில் அந்த ஒன்று முங்கிப்போகும். அவசரத்தின் அடிப்படையில் மூன்றே கோப்புறைகள் வைத்திருக்கிறேன்: கட்டாயம் படிப்பவை, நேரம் கிடைத்தால் பார்ப்பவை, தேடும்போது மட்டும் திறப்பவை. மூன்றாவதில் படிக்காதவற்றின் எண்ணிக்கை காட்டுவதையே அணைத்துவிட்டேன்.

ரீடரில் வடிகட்டி வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். சிலவற்றில் இது கட்டணத் திட்டத்தில்தான் கிடைக்கும். தலைப்பில் குறிப்பிட்ட சொல் இருந்தால் தானாகவே படித்ததாகக் குறிக்கச் சொல்லலாம். கிரிக்கெட் பிடிக்காதவர் விளையாட்டு ஓடையிலிருந்து கிரிக்கெட்டை மட்டும் இப்படிக் கழித்துக்கட்டலாம். நோட்டிபிகேஷனை முழுவதும் அணைத்து வையுங்கள். நீங்கள் போகும்போது அது இருக்க வேண்டும், அது கூப்பிடும்போது நீங்கள் ஓடக் கூடாது.

படி 5: படிப்பதற்கு ஒரு நேரம்

நாளுக்கு ஒரு முறை, அதிகம் போனால் இரண்டு முறை. தலைப்புகளை மட்டும் வேகமாக ஓட்டிப் பார்த்து, படிக்க வேண்டியவற்றுக்கு நட்சத்திரம் போடுங்கள். மீதியை "எல்லாம் படித்ததாகக் குறி" பொத்தானில் ஒரே தட்டாகத் தட்டிவிடுங்கள். பிறகு நட்சத்திரமிட்டவற்றை நிதானமாகப் படியுங்கள். தேர்ந்தெடுப்பதையும் படிப்பதையும் கலந்தால் இரண்டுமே கெடும்.

அந்தப் பொத்தானைத் தட்ட முதலில் கை வராது. எதையோ தொலைக்கிறோம் என்று தோன்றும். நல்ல கட்டுரை என்றால் வேறு யாராவது சுட்டி கொடுத்து மறுபடி உங்களிடம் வந்து சேரும், நம்பித் தட்டுங்கள்.

எங்கே இடிக்கும், என்ன செய்யலாம்

அரைகுறை ஓடைகள்தான் அடிக்கடி கேட்கும் புகார். பல தளங்கள் முதல் இரண்டு வரியை மட்டும் தந்து, மீதியைப் படிக்கத் தங்கள் பக்கத்துக்கு இழுக்கும். விளம்பர வருமானம் அங்கேதான் வருகிறது என்பதால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நெட்நியூஸ்வயர், ஃபீடர், மினிஃப்ளக்ஸ் போன்ற சிலவற்றில் முழுக் கட்டுரையையும் இழுத்துவரும் வசதி இருக்கிறது. சந்தாப் பூட்டு போட்ட கட்டுரைகளுக்கு அது உதவாது.

செத்துப்போன ஓடைகள் இன்னும் மோசம், ஏனென்றால் சத்தமில்லாமல் சாகும். தளம் முகவரி மாறியிருக்கும், ஓடையின் பழைய முகவரி அப்படியே நின்றுபோயிருக்கும். எழுதாமல் இருப்பவரும் உடைந்துபோன ஓடையும் பார்வைக்கு ஒன்றுதான்; இரண்டுமே அமைதி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நெடுநாளாகப் பேசாத ஓடைகளை எடுத்து அவற்றின் தளங்களை நேரில் திறந்து பாருங்கள். அப்போதே, வந்தும் நீங்கள் ஒருமுறைகூடத் திறக்காத ஓடைகளையும் பிடுங்கி எறியுங்கள். பயிர் நிலைக்க இந்தக் களையெடுப்பு வேண்டும்.

சில நாள் திடீரென்று ஒரு தளத்தின் பழைய பதிவுகள் எல்லாம் புதிதுபோல வந்து குவியும். பயப்பட வேண்டாம். தளத்தை வேறு மென்பொருளுக்கு மாற்றும்போது ஒவ்வொரு பதிவின் அடையாள எண்ணும் மாறியிருக்கும். ரீடர் பாவம், அவற்றைப் புதியவை என்று நம்பிவிடுகிறது.

வேகத்திலும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். ரீடர் போய்க் கேட்கும் இடைவெளி பதினைந்து நிமிடமாகவும் இருக்கலாம், பல மணி நேரமாகவும் இருக்கலாம். புதிய பதிவு வந்ததும் தளமே தகவல் தரும் வெப்சப் என்ற முறை 2018-ல் தரமாக ஏற்கப்பட்டது, ஆனால் எல்லாத் தளங்களும் அதைப் பயன்படுத்துவதில்லை. நிமிடத்துக்கு நிமிடம் நிலவரம் வேண்டும் என்றால் ஓடை அதற்கான கருவி அல்ல.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. ஓடையில் நீங்கள் ஏற்கெனவே அறிந்தவர்கள் மட்டும்தான் பேசுவார்கள். அல்காரிதம் நம்மை ஒரு கூண்டில் அடைக்கிறது என்று திட்டுகிறோம்; இங்கே நாமே கம்பி வாங்கி, நாமே கூண்டு கட்டி உட்கார்ந்துகொள்ள வாய்ப்பு இருக்கிறது. வாரம்தோறும் நல்ல சுட்டிகளைப் பொறுக்கித் தருபவர்கள் இரண்டு மூன்று பேரை, அதுவும் உங்கள் கருத்தோடு அடிக்கடி உடன்படாதவர்களாகப் பார்த்து, பட்டியலில் சேருங்கள். என் ஓடைகளில் உருப்படியானவை பலவும் அப்படிக் கிடைத்தவைதான்.

அந்தரங்கம் பற்றியும் ஒரு வார்த்தை. ஓடைக்காரருக்கு உங்கள் பெயரோ மின்னஞ்சலோ தெரியாது என்பது உண்மை. ஆனால் மேகச் சேவைக்கு உங்கள் படிப்புப் பட்டியல் முழுவதும் தெரியும். பதிவோடு வரும் படங்கள் மூலமாகவும் யார் திறந்தார்கள் என்று ஓரளவு கண்காணிக்க முடியும். கவலைப்படுபவர்கள் ரீடரில் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்திவைக்கலாம்.

படி 6: பட்டியலை வெளியே எடுத்து வையுங்கள்

2013 மார்ச்சில் கூகுள் தன் ரீடர் சேவையை மூடப்போவதாக அறிவித்தது. ஜூலை 1-ம் தேதி மூடியும் விட்டது. அதையே நம்பியிருந்தவர்கள் எல்லாம் மூன்றரை மாதத்தில் வேறு இடம் தேட வேண்டியிருந்தது. அதே ஆண்டு ட்விட்டரும் தன் ஓடைகளை நிறுத்தியது. ரீடர் சேவை மூடினால் உங்கள் பட்டியல் மட்டும்தான் ஆபத்தில், அதைக் காப்பாற்ற வழி இருக்கிறது. தளமே ஓடையை நிறுத்தினால் ஒன்றும் செய்ய முடியாது.

பட்டியலைக் காப்பாற்றும் வழியின் பெயர் ஓபிஎம்எல். ரீடரின் அமைப்புகளில் "ஏற்றுமதி" என்று இருக்கும். அழுத்தினால் உங்கள் ஓடை முகவரிகளும் கோப்புறைகளும் அடங்கிய ஒரே கோப்பு இறங்கும். வேறொரு ரீடரில் "இறக்குமதி" கொடுத்தால் எல்லாம் அங்கே வந்துவிடும். நட்சத்திரமிட்டவையும் படித்தவையும் பொதுவாக வராது. முக்கியமான கட்டுரைகளின் சுட்டிகளைத் தனியே சேமித்துக்கொள்ளுங்கள்.

மாதம் ஒருமுறை ஏற்றுமதி செய்து, ஒரு முறையாவது அந்தக் கோப்பை இன்னொரு ரீடரில் திறந்து சரிபாருங்கள். பட்டியலை நண்பருக்கு அனுப்புவதாக இருந்தால், அதற்கு முன் ஒரு கண்ணோட்டம் விடுங்கள். காசு கொடுத்துக் கேட்கும் பாட்காஸ்ட்களின் ஓடை முகவரிக்குள் உங்களுக்கே உரிய ரகசியச் சாவி ஒளிந்திருப்பது வழக்கம். அந்த வரிகளை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.